டயர் பிரஷர் சென்சாருக்கு எந்த வால்வு பொருந்தும்? மோட்டார்ஹோம், கேரவன், டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சென்சாரைத் திருகினால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலான சென்சார் பெட்டிகளில் எழுதியிருக்கும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றோடு ஓடும் சிறிய காருக்கு அது ஏறக்குறைய சரி. 80 பிஎஸ்ஐ, 110 பிஎஸ்ஐ காற்றைத் தாங்கிக்கொண்டு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார்ஹோமுக்கும் டிரெய்லருக்கும் அது போதாது. இந்த வண்டிகளில் சென்சாரை விட வால்வைத்தான் முதலில் தேர்வு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கிய விதி 4,536 கிலோ வரை மொத்த எடை கொண்ட இலகு வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஓர் அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ளவை அதில் வராது, டிரெய்லர்களும் வராது. அதனால் பெரிய மோட்டார்ஹோமிலும் கேரவனிலும் சென்சார் என்பது பெரும்பாலும் உரிமையாளர் பிற்பாடு வாங்கிப் போடுவது. ரிம்மில் ஏற்கெனவே இருக்கும் வால்வு அந்தச் சென்சாரை மனதில் வைத்துப் போட்டதல்ல.

சென்சார் ஏறியதும் வால்வில் என்ன மாறுகிறது

முதல் மாற்றம், வால்வு கோர் திறந்துவிடுகிறது. வால்வின் உள்ளே திருகியிருக்கும் சிறிய ஸ்பிரிங் ஊசிதான் கோர். சாதாரண நாட்களில் காற்றை அடைத்து நிற்பது அதுதான். மேலே இருக்கும் மூடி தூசிக்கும், இரண்டாம் காவலுக்கும். மூடி வகைச் சென்சார் அழுத்தத்தை அளக்க வேண்டுமென்றால் அந்த ஊசியை அழுத்திப் பிடித்தாக வேண்டும். ஆகவே சென்சார் இருக்கும் நேரமெல்லாம் கோர் திறந்தே இருக்கிறது. காற்றை அடைத்து நிற்பது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் ஒன்றுதான். வால்வின் வாய் சொட்டையாக இருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, சென்சார் கோணலாக ஏறியிருந்தாலோ காற்று நேராக வெளியே போகும்.

இரண்டாவது மாற்றம் எடை. 10 முதல் 20 கிராம் என்று கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றே தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. 235/80 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 782 மி.மீ. வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, அச்சின் மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி நிற்கும் வால்வின் நுனி, புவியீர்ப்பைப் போல சுமார் 90 மடங்கு விசையை உணர்கிறது. 20 கிராம் சென்சார் அப்போது ஏறக்குறைய 1.8 கிலோவாகி, வால்வை அச்சிலிருந்து வெளிப்பக்கமாக வளைத்து இழுக்கிறது.

பெரிய டயரில்தான் இந்த விசை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 145/80 ஆர் 12 போன்ற சிறிய டிரெய்லர் டயர், அதே சாலை வேகத்துக்கு அதிகமாகச் சுற்றியாக வேண்டும். அங்கே இந்த விசை 140 மடங்கைத் தொடும். அதே 20 கிராம் சென்சார் 2.8 கிலோவாகிவிடும். 22.5 அங்குல ரிம்மில் அது 80 மடங்கு அளவில்தான் நிற்கும். சின்ன டிரெய்லர்தானே என்று சாதாரண ரப்பர் வால்வில் கனமான சென்சாரை மாட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சேர்க்கை.

மூன்றாவது, இந்த வளைவு ரப்பரை என்ன செய்கிறது என்பது. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் தாக்கி விரிசல் விட வைக்கும். தளர்ந்து கிடக்கும் ரப்பரை அதிகம் சீண்டாது. ரிம் துளையில் இறுகி நிற்கும் ரப்பர் வால்வின் அடிக்கழுத்து ஏற்கெனவே இழுபட்டுத்தான் இருக்கிறது. சென்சாரின் எடை அதை இன்னும் வளைக்கும்போது அச்சின் பக்கம் இருக்கும் ரப்பர் கூடுதலாக நீளுகிறது. விரிசல் தொடங்குவது அங்கேதான். அமெரிக்காவில் 2006-ல் தயாரான ரப்பர் வால்வுகளில் ஒரு பெருந்தொகுதி 2008-ல் திரும்பப் பெறப்பட்டதற்கும் ஓசோன் விரிசல்தான் காரணம்; அவற்றில் சென்சார் இருக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

படி 1: குளிர்ந்த நிலை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டியின் தகட்டில் உள்ள பரிந்துரை, டயரின் பக்கவாட்டில் உள்ள உச்ச அளவு இரண்டையும் எழுதுங்கள். 225/75 ஆர் 15 டிரெய்லர் டயரை எடுத்துக்கொண்டால், சுமை வகை சி என்றால் உச்சம் 50 பிஎஸ்ஐ, டி என்றால் 65, ஈ என்றால் 80. 235/80 ஆர் 16-இல் ஜி வகை 110 வரை போகும். ஐரோப்பிய கேம்பர் வேன்களுக்கென்றே செய்யப்படும் சிபி வகை டயர்களில் பின்சக்கரத்துக்கு 5.5 பார், அதாவது சுமார் 80 பிஎஸ்ஐ, சகஜம்.

இந்த எண்தான் வால்வின் வகையைத் தீர்மானிக்கிறது. அழுத்தி மாட்டும் சாதாரண ரப்பர் வால்வின் வரம்பு 65 பிஎஸ்ஐ, அதாவது 4.5 பார். இது குளிர்ந்த டயருக்கான எண். ஓட்டத்தில் சூடேறி அழுத்தம் கூடுவது இந்த வரம்பில் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. உதாரணமாக, 20 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர் உள்ளே 45 டிகிரி ஆனால் 88 காட்டும். அதற்காக 88-க்கு வால்வு தேட வேண்டியதில்லை.

டயரை மட்டும் டி-யிலிருந்து ஈ வகைக்கு உயர்த்திவிட்டு பழைய ரப்பர் வால்வை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டயர் 80 தாங்கும், வால்வு 65-க்குத்தான். பழைய ரிம்முக்கும் ஒரு வரம்பு உண்டு; அது ரிம்மின் உள்பக்கம் அல்லது பின்புறம் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: ரிம் துளையை அளந்துகொள்ளுங்கள்

மூன்று அளவுகள்தான் பெரும்பாலும் எதிர்ப்படும். கார், இலகு டிரக், பெரும்பாலான டிரெய்லர் ரிம்களில் 11.5 மி.மீ. பழைய இலகு டிரக்குகளிலும் சில வணிக வண்டி ரிம்களிலும் 15.7 மி.மீ. 19.5, 22.5 அங்குல கனரக ரிம்களில் பொதுவாக 9.7 மி.மீ. பெரிய ரிம்மில் சின்னத் துளை என்பதைப் பார்த்ததும் அளவு தவறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

பழைய வால்வைக் கழற்றிய பிறகு வெர்னியர் அளவுகோலால் அளப்பதே உறுதியானது. கழற்றாமல் தெரிந்துகொள்ள, பழைய வால்வின் ரப்பரில் டிஆர் (TR) என்று தொடங்கும் வால்வு வகை எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 11.5 துளைக்கான வால்வை 15.7 துளையில் போட்டால் அது நிற்காது. எதிர்ப்பக்கமாகப் பெரியதைச் சின்னத் துளையில் இழுத்துத் திணித்தால் ரப்பர் கிழியும். அந்தக் கிழிசல் உள்ளே மறைந்திருக்கும், கண்ணில் படாது.

துளையின் இடத்தில் தகட்டின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். ரப்பர் வால்வின் பள்ளம் சுமார் 4 மி.மீ. வரையுள்ள தகட்டுக்குத்தான் பொருந்தும். வார்ப்பு அலுமினிய வீல்களில் தடிமன் கூடுதலாக இருக்கும். அங்கே நட் இறுக்கும் இடம் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கிறதா, வாஷர் முழுதாகப் படியுமா என்று விரலால் தடவிப் பாருங்கள். பவுடர் கோட்டிங் செய்த ரிம்மில் துளைக்குள்ளும் வண்ணம் படிந்து விட்டம் குறைந்திருக்கலாம். அதைச் சுரண்டி எடுத்த பிறகே அளவு எடுக்க வேண்டும்.

படி 3: வால்வின் வகையைத் தேர்வு செய்யுங்கள்

டிஆர் எண்கள் கடைக்காரரிடம் பேசும் மொழி. இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்:

டிஆர் 412, 413, 414, 418, 423. எல்லாமே 11.5 துளைக்கான சாதாரண ரப்பர் வால்வுகள். நீளம் மட்டும் வேறு. 412 சுமார் 22 மி.மீ., 413 சுமார் 32, 414 சுமார் 38, 418 சுமார் 51, 423 சுமார் 62. டிஆர் 415-உம் 425-உம் 15.7 துளைக்கு. அனைத்துக்கும் வரம்பு 65 பிஎஸ்ஐ.

டிஆர் 600 ஹெச்பி, 801 ஹெச்பி. இவையும் ரப்பரோடு அழுத்தி மாட்டுபவைதான், ஆனால் கழுத்து நெடுக உலோகம். முன்னது 11.5 துளைக்கு, பின்னது 15.7-க்கு. இவை 80 பிஎஸ்ஐ வரை. இந்தக் குடும்பத்தில் 100 பிஎஸ்ஐ குறியிட்டவையும் கிடைக்கின்றன. பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணைத்தான் நம்ப வேண்டும், கடைக்காரரின் வாய்வார்த்தையை அல்ல.

டிஆர் 416. நட் போட்டு இறுக்கும் முழு உலோக வால்வு. ரப்பர் வாஷரை மாற்றினால் 11.5, 15.7 இரண்டு துளைக்கும் ஆகும். 200 பிஎஸ்ஐ வரை தாங்கும். நட் வெளிப்பக்கம் இருப்பதால், பின்னாளில் கசிந்தால் டயரைக் கழற்றாமலேயே இறுக்கிப் பார்க்கலாம்.

500, 570, 540 வரிசைகள். கனரக வண்டிகளுக்கானவை. 500, 501 ஆகியவை 15.7 துளைக்கு, 570 வரிசை 9.7 துளைக்கு. 540 வரிசை அலுமினிய கனரக வீல்களுக்கு. இவற்றில் நேரானவையும் வளைந்தவையும் பல நீளங்களில் உண்டு.

இதில் எங்கள் தீர்ப்பு சற்று கடுமையானது. மூடி வகைச் சென்சார் போடுவதாக இருந்தால், அழுத்தம் 65-க்குக் கீழ் இருந்தாலும் சாதாரண ரப்பர் வால்வை மாற்றிவிடுங்கள். 50 பிஎஸ்ஐ டிரெய்லருக்கும் டிஆர் 416 போடுவதில் நட்டம் எதுவும் இல்லை. ரப்பர் வால்வோடுதான் ஓட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தால் 412 அல்லது 413, அதாவது குட்டையானது; சென்சாரும் 10 கிராம் அளவில் இலேசானது. 418, 423 போன்ற நீளமான ரப்பர் வால்வின் நுனியில் சென்சாரை ஒருபோதும் மாட்ட வேண்டாம்.

காற்று அடிக்கக் கழற்றத் தேவையில்லாத, பக்கவாட்டில் இன்னொரு வாய் கொண்ட சென்சார்களும் இருக்கின்றன. வசதியானவை, ஆனால் நீளம், எடை இரண்டுமே கூடுதல். இவற்றுக்கு உலோக வால்வு தவிர வேறு வழியில்லை. காற்று அடிக்கும் குழாயின் தலையை அழுத்தும்போது வரும் நெம்புவிசையும் அந்தக் கழுத்துக்குத்தான் போகிறது.

படி 4: நீளமும் கோணமும்

சென்சாரை வாங்குவதற்கு முன்பே, அதன் அளவுக்குக் களிமண்ணையோ தக்கையையோ வெட்டி வால்வில் ஒட்டிப் பாருங்கள். மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வீல் கவர் அல்லது அலங்கார மூடியின் துளை. சென்சார் அதில் உரசினால் கவர் அசையும் ஒவ்வொரு சுற்றிலும் வால்வு தேயும். இரண்டு, ரிம்மின் வெளிவிளிம்பு. சென்சார் அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நடைபாதைக் கல்லில் முதல் அடி அதற்குத்தான். மூன்று, பிரேக் காலிப்பரும் பிரேக் குழாயும். இவை சக்கரத்தோடு சுற்றாமல் ஒரே இடத்தில் நிற்பவை, ஆகவே சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

சென்சார் மரையில் முழுதாக ஏறுவதற்கும், விரல் நுழைத்துப் பிடித்துத் திருகுவதற்கும் இடம் இருக்கிற அளவில் மிகக் குட்டையான வால்வே சிறந்தது. 40 மி.மீ. கழுத்தின் நுனியில் 1.8 கிலோ இழுப்பதும் 120 மி.மீ. கழுத்தின் நுனியில் இழுப்பதும் ஒன்றல்ல. அடியில் விழும் வளைவு மூன்று மடங்கு.

படி 5: உலோகம்

இரும்பு ரிம் என்றால் நிக்கல் பூச்சுள்ள பித்தளை வால்வு, பேச்சே வேண்டாம். அலுமினிய வீலுக்கு அந்த வீல் தயாரிப்பாளர் குறித்த வால்வு. அலுமினியக் கழுத்துள்ள வால்வில் பூச்சில்லாத பித்தளைக் கோரையோ பித்தளை மரையுள்ள சென்சாரையோ போட்டால், ஈரமும் சாலை உப்பும் சேர்ந்து இரு உலோகங்களும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு பருவம் கழித்துச் சென்சாரைத் திருகும்போது சென்சார் வராது, கழுத்து முறியும். அலுமினியக் கழுத்துக்கு நிக்கல் பூச்சுள்ள கோர் மட்டுமே. மரையில் மட்டும் மிகச் சிறிதளவு சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாய்க்குள் போகக் கூடாது. மாதம் ஒருமுறை சென்சாரைக் கழற்றி மாட்டுவது எந்தக் கிரீஸையும் விடப் பலன் தரும்.

படி 6: இரட்டைச் சக்கரம் உள்ள பின் அச்சு

சென்சார் வேலையில் பாதித் தலைவலி இங்கேதான். உள்சக்கரத்தின் வால்வு வெளிச்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளிச்சக்கரத்தின் வால்வு பல வண்டிகளில் உள்பக்கம் பார்த்து நிற்கிறது. காற்றே அடிக்க முடியாமல் தவிப்பவர்கள் எளிதில் கைவைப்பது கம்பி பின்னிய நீட்டிப்புக் குழாயில். ஒரு முனையைப் பழைய வால்வில் திருகி, மறுமுனையை வெளிச்சக்கர ரிம்மில் ஒரு பட்டையால் பிடித்துவைத்து, அதன் நுனியில் சென்சாரை மாட்டுகிறார்கள்.

இதில் என்ன கோளாறு? குழாய் பழைய வால்வின் கோரைத் திறந்து வைக்கிறது. சென்சார் குழாயின் கோரைத் திறந்து வைக்கிறது. ஆக, குழாய் முழுக்க, அதன் இரு இணைப்புகள் உட்பட, எந்நேரமும் டயரின் முழு அழுத்தத்தில் இருக்கிறது. குழாய் எங்கே உரசித் தேய்ந்தாலும் டயர் காலி. பிடிபட்டை தளர்ந்தால் நுனியில் இருக்கும் சென்சார் குழாயோடு சேர்ந்து வெளியே வீசப்பட்டு, ரிம்மில் அடித்துக்கொண்டே சுற்றும். எச்சரிக்கைக் கருவி போட்டதே காற்று இறங்குவதைக் கண்டுபிடிக்கத்தான். அந்தக் கருவிக்காகக் காற்று இறங்க நாலு புதிய வழி திறப்பது அபத்தம்.

சரியான வழி, நீட்டிப்பே இல்லாமல் உள்ள வால்வுகளையே மாற்றுவது. உள்சக்கரத்துக்கு வெளிச்சக்கரத்தின் கைத்துளை (ரிம் தகட்டில் கை நுழையும் திறப்பு) வழியாக எட்டிவரும் நீண்ட திட உலோக வால்வு. வெளிச்சக்கரத்துக்கு, வாய் வெளியே பார்க்கும்படி வளைந்த வால்வு. ரிம் மாதிரிக்கேற்ப வளைத்துச் செய்த தொகுப்புகளாகவே இவை கிடைக்கின்றன; ரிம்மின் விட்டம், துளை அளவு, இரும்பா அலுமினியமா, எத்தனை கைத்துளை, அலங்கார மூடி உண்டா என்ற விவரங்களைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நீண்ட வால்வு கைத்துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் தாங்கி கட்டாயம். அது இல்லாமல் நீண்ட கழுத்தில் சென்சார் மாட்டினால், மேலே சொன்ன மூன்று மடங்கு வளைவு நேராக அடி நட்டில் விழும்.

இரண்டு சக்கரத்தையும் பூட்டும்போது கைத்துளைகள் ஒன்றோடொன்று நேராகவும், வால்வுகள் 180 டிகிரி எதிரெதிராகவும் வரட்டும். கை நுழைய இடம் கிடைக்கும்; இரு சென்சார்களின் எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். எது உள், எது வெளி என்று சென்சாரின் மேல் பெயின்டால் குறித்துவிடுங்கள்.

உள்ளே பொருத்தும் சென்சார் என்றால்

இங்கே வால்வும் சென்சாரும் ஒரே உறுப்பு. தனித்தனியாகத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. நட் போட்ட உலோகக் கழுத்து, சிறு திருகாணியால் சென்சாரோடு இணையும் ரப்பர் கழுத்து என இரண்டு வகை. ரப்பர் வகைக்கு முன்சொன்ன 4.5 பார் வரம்புதான், ஆகவே பெரும்பாலான கேம்பர்களுக்கு அது விலக்கு. கார்களுக்கான சென்சார் என்றால் அது எந்த அழுத்தம் வரை அளக்கும் என்று பார்த்து வாங்குங்கள். 80 பிஎஸ்ஐ டயருக்குள் போட்ட பிறகு அது உச்ச எண்ணிலேயே உறைந்து நின்றால் ஒரு பயனும் இல்லை. சில மாதிரிகளில் உலோகக் கழுத்தே ஆன்டெனா. அங்கே வேறு கழுத்தை மாற்றிப் போட்டால் காற்று நிற்கும், சிக்னல் போய்விடும். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர், நட், கோர், மூடி நான்கையும் புதிதாக மாற்ற வேண்டும். இந்தக் கழுத்தின் மேல் உலோக மூடி வேண்டாம், பிளாஸ்டிக் மூடியே போதும்.

சென்சாரை ரிம்மின் நடுப்பள்ளத்தில் பட்டையால் கட்டும் வகையும் உண்டு. வால்வுக்குத் துளியும் பாரம் இல்லை, இரட்டைச் சக்கரத்துக்கு நல்ல தீர்வு. பேட்டரி தீர்ந்தால் டயரைப் பிரித்தாக வேண்டும் என்பதுதான் விலை.

படி 7: மாட்டும் முறை

17.5 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கனரக டயர்களைத் தடுப்புக் கூண்டு உள்ள பட்டறையில்தான் பிரித்துப் பூட்ட வேண்டும். வீட்டில் கைவைக்கக் கூடாது. சிறிய டயர்களுக்கு:

முதலில் கோரைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். சீறும் சத்தம் நின்ற பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள். டயரை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. வால்வுப் பக்கத்து விளிம்பை ரிம்மிலிருந்து இறக்கி, கை நுழையும் அளவு இடம் கிடைத்தால் போதும்.

பழைய ரப்பர் வால்வின் வெளித்தலையைக் கத்தியால் சீவி உள்ளே தள்ளுங்கள். உள்ளே விழுந்த துண்டை மறக்காமல் வெளியே எடுங்கள்.

துளையின் இருபக்கமும் கம்பி பிரஷால் துரு போகத் தேய்த்து, விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். வாஷர் படியும் வட்டம் சுத்தமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். புதிய வால்வின் கசிவுகளில் பெரும்பங்கு இந்த வட்டத்தில் மிஞ்சிய துருவால் வருவதுதான்.

அழுத்தி மாட்டும் வகைக்கு டயர் பேஸ்ட் அல்லது சோப்புத் தண்ணீர் தடவி, இழுப்புக் கருவியால் நேராக, ஒரே இழுப்பில் இழுங்கள். எண்ணெயோ பெட்ரோலிய கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். டப்பென்று பள்ளத்தில் உட்கார்ந்ததும் உட்பக்கம் சுற்றிலும் சமமாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நட் போடும் வகையில், துளை அளவுக்குரிய வாஷரை உட்பக்கம் சரியான முகம் பார்த்துப் பொருத்தி, கழுத்தின் கோணத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை ஏற்றுங்கள். இறுக்கத்துக்குப் பாக்கெட்டில் தந்திருக்கும் அளவுதான் சட்டம். சிறிய டார்க் ரெஞ்ச் வைத்துக்கொள்வது நல்லது. வாஷர் பிதுங்கி நட்டைச் சுற்றி வெளியே வழிந்தால் இறுக்கம் மிஞ்சிவிட்டது. அந்த வாஷர் சில மாதங்களில் வெட்டுப்படும். நட்டைத் தளர்த்திச் சரிசெய்யப் பார்க்காமல் புது வாஷர் போடுங்கள்.

டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்கார 40 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக் கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்பு தடவி மறுபடியும் முயலுங்கள். உட்கார்ந்த பிறகு கோரைப் போட்டு முழு அழுத்தத்துக்கு ஏற்றலாம். கோருக்கு 0.23 முதல் 0.56 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதாவது கோர் கருவியை இரண்டு விரலால் பிடித்துத் திருகும் அளவு. ஊசியின் தலை வால்வு வாயோடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். கீழே புதைந்திருந்தால் சென்சாருக்கு எட்டாது, திரை பூஜ்யம் காட்டும். மேலே துருத்தியிருந்தால் சென்சாரின் வாஷர் வாயில் படியாது, கசியும்.

சென்சாரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஏறும்போது ஒரு கணம் சீறி நிற்பது இயல்பு. குறடு போட்டால் வாஷர் நசுங்கும். திருடு போகாமல் இருக்கப் பூட்டு நட் தந்திருந்தால் முதலில் அதை வால்வில் ஏற்றி, சென்சாரை இறுக்கிய பிறகு கீழிருந்து எதிராகத் திருப்பிப் பூட்டுங்கள்.

பேலன்ஸ் செய்யும் எண்ணம் இருந்தால் சென்சார் மாட்டிய நிலையிலேயே செய்யுங்கள், குறிப்பாக மோட்டார்ஹோமின் முன்சக்கரங்களுக்கு. ஸ்டெப்னிக்கும் அதே வால்வு, அதே சென்சார். வழியில் மாற்றிப் போடும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

படி 8: கசிவுச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்

பெரும்பாலோர் ஒரு முறை சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சென்சார் இல்லாமல் ஒரு முறை, சென்சார் மாட்டி ஒரு முறை என்று இரண்டு சோதனை தேவை. சென்சார் இல்லாதபோது வாயில் குமிழி வந்தால் கோர் குற்றவாளி. சென்சார் மாட்டிய பிறகு மட்டும் சென்சாரின் அடியில் குமிழி வந்தால் அதன் வாஷர் அல்லது வால்வின் வாய். இரண்டிலும் ரிம் ஓரத்தில் குமிழி வந்தால் அடி வாஷர் அல்லது துளையின் துரு. குமிழி சில நேரம் மிக மெதுவாக வரும். இரண்டு நிமிடமாவது பாருங்கள்.

பிறகு வால்வின் நுனியை அச்சிலிருந்து விலகும் திசையில், அதாவது ஓட்டத்தில் சென்சார் இழுக்கும் அதே திசையில், விரலால் மெல்லச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி தெளியுங்கள். ரப்பர் வால்வு என்றால் அச்சின் பக்கம் இருக்கும் அடிக்கழுத்தை உற்றுப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலே அந்த வால்வு முடிந்தது. மறுநாள் காலை, வெயில் படுவதற்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள். முதல் பயணம் முடிந்ததும் நட் வகை வால்வுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். புது வாஷர் சற்று அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

பிறகு வரும் கோளாறுகளும் காரணங்களும்

வண்டி நிற்கும்போது அழுத்தம் குறைவதில்லை, ஓடினால் மட்டும் சில பிஎஸ்ஐ இறங்குகிறது என்றால் வால்வு ஓட்டத்தில் வளைகிறது என்று அர்த்தம். சென்சாரைக் கழற்றிச் சாதாரண மூடி போட்டு ஓட்டிப் பாருங்கள். இறங்குவது நின்றால் அடிக்கழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோர் மறுபடியும் மூடிக்கொண்டதால் நின்றிருக்கவும் கூடும். எப்படியானாலும் அந்த வால்வைச் சென்சாரோடு வைத்து ஓட்டக் கூடாது.

ஒரே டயர் மற்ற டயர்களை விட இரண்டு மூன்று பிஎஸ்ஐ எப்போதும் குறைத்தே காட்டினால் முதலில் சென்சார்களை இடம் மாற்றிப் போடுங்கள். குறைவு சென்சாரோடு போகிறதா, டயரோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நல்ல கையளவுமானியால் சரிபார்க்காமல் வால்வை மாற்ற வேண்டாம்.

கழற்ற வராமல் பிடித்துக்கொண்ட சென்சாரைக் குறடால் முறுக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு, கழுத்தை இன்னொரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். கழுத்து முறிந்தால் முழு அழுத்தமும் ஒரே நொடியில் முகத்தை நோக்கி வரும். ஆகவே இந்த வேலைக்குக் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். அழுத்தம் 80-க்கு மேல் என்றால் இன்னும் பாதுகாப்பான வழி, வேலையைப் பட்டறையிடம் விட்டு, காற்று முழுதாக வெளியேறிய பிறகே டயர் விளிம்பை இறக்கி, வால்வையும் சென்சாரையும் சேர்த்தே வெளியே எடுப்பது.

ரப்பர் வால்வுகளை டயரோடு சேர்த்து ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். உலோக வால்வின் கழுத்து பல டயர்களைக் கடந்தும் உழைக்கும். அதன் ரப்பர் வாஷர்களும் கோரும் மட்டும் டயரோடு சேர்ந்து ஓய்வு பெற வேண்டும். நீண்ட நாள் வண்டியை நிறுத்தி வைக்கும்போது சென்சார்களைக் கழற்றிச் சாதாரண மூடியைப் போட்டுவிடுங்கள். பேட்டரி மிச்சமாகும், கோர் மூடிக்கொள்ளும், மரையும் பிடித்துக்கொள்ளாது.